ஆயில், ஃபில்டர், எப்போதும் போல

ஆறு வருடமாக என் கார் ஒரு சொட்டுப் புது ஆயிலைக்கூடப் பார்த்ததில்லை என்று ப்ராண்டிஸ் சொன்னார். சொன்னதோடு விடாமல், நானே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, வாகனம் ஒப்படைக்கப்பட்டது. அன்றைக்கு இதே ஷோரூமில் என் கையில் ரோஜாப்பூக் கொத்தைத் திணித்து, கார் பக்கத்தில் நிற்கவைத்துப் படம்கூட எடுத்தார்கள். அந்த வரிக்குக் கீழே எல்லாம் வெள்ளை வெளேரென்று காலியாகக் கிடந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் திரையை அப்படியே அவர் பக்கம் திருப்பித் தள்ளினேன்.

நான் மருத்துவச்சி. ஔரிக் நகரைச் சுற்றி இருக்கும் கிராமங்களில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவள். கார் இல்லாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை. அந்தக் கார்தான் போன திங்கள்கிழமை, விப்கே என்ற நிறைமாதக்காரியின் பண்ணைக்குப் போகும் வழியில், கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு நடு ரோட்டில் நின்றுபோனது. இழுத்து வந்து பிரித்துப் பார்த்தார்கள். டைமிங் செயின் நீண்டு, பல் தாவி, இன்ஜினையே கெடுத்துவிட்டதாம். வேறு இன்ஜின்தான் போட வேண்டும். பரவாயில்லை, ஏழு வருட வாரண்டி இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இங்கே வந்தேன்.

ப்ராண்டிஸ் சர்வீஸ் மேலாளர். சட்டைக் காலரிலிருந்து குரல் வரைக்கும் எல்லாம் இஸ்திரி போட்டது மாதிரி இருப்பார். ஆயில் சரியில்லாததால்தான் செயின் போயிருக்கிறது, அதனால் வாரண்டி பொருந்தாது என்றார். நான் ஒவ்வொரு வருடமும் தவறாமல் சர்வீஸ் செய்திருக்கிறேன், எங்கள் ஊர் மென்னோவின் பட்டறையில் செய்திருக்கிறேன் என்றேன்.

"கம்பெனி கம்ப்யூட்டர்ல இல்லாத சர்வீஸ் நடக்காத சர்வீஸ் மேடம்."

வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எடுத்துச் சொன்னபோதும் அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. தாராளமாக எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனால் கம்பெனி சொன்ன ஆயிலைத்தான் ஊற்றினார்கள் என்று காட்ட வேண்டும் என்றார். அவ்வளவுதானே என்று என் ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒரு ரசீதுகூடத் தொலையவில்லை. எல்லாம் வருட வாரியாக, பிளாஸ்டிக் உறைக்குள், மடங்காமல் இருந்தன. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ப்ராண்டிஸ் முதல் ரசீதைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பிறகு வேகமாக மீதியையும் புரட்டிவிட்டு, ஒன்றை மட்டும் இரண்டு விரலால் நுனியில் பிடித்து, ஈரத் துணி மாதிரி தூக்கிக் காட்டினார். மென்னோவின் கோணல் கையெழுத்தில் தேதி, கிலோமீட்டர், தொகை எல்லாம் இருந்தன. என்ன வேலை என்ற இடத்தில் நான்கே சொற்கள்: ஆயில், ஃபில்டர், எப்போதும் போல.

"எப்போதும் போலன்னா, எது போல மேடம்?"

மற்ற ரசீதுகளை நானும் புரட்டினேன். எல்லா ரசீதிலும் அதேதான் இருந்தது. முதல் வருட ரசீதிலும் அதேதான். முதல் தடவை செய்யும்போதே எப்போதும் போல என்று எழுதிய மனிதனை என்ன செய்வது?

எங்கள் பக்கத்து ஆட்களை அறியாதவர்களுக்கு இது விளங்காது. காலை, மதியம், ராத்திரி எல்லாவற்றுக்கும் 'மொயின்' ஒன்றுதான் எங்களுக்கு வணக்கம். அதையே இரண்டு தடவை சொல்பவனை வாயாடி என்போம். விளக்கிச் சொல்பவன் எதையோ விற்க வந்திருக்கிறான் என்று சந்தேகப்படுவோம். மென்னோவிடம் போய் என்ன ஆயில் ஊற்றினாய், நம்பரைப் போட்டு எழுதிக் கொடு என்று கேட்டால், நீ ஏமாற்றுகிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னது மாதிரி. அதனால் நான் கேட்டதில்லை. அவன் எழுதியதில்லை. ஆறு வருடம் இரண்டு பேரும் இப்படி மரியாதையாக நடந்துகொண்டதன் பலன் இப்போது ப்ராண்டிஸின் இரண்டு விரலுக்கு நடுவில் தொங்கியது.

நல்ல பட்டறையாகப் பார்த்துப் போயிருக்கலாமே என்று அவர் கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவர்களிடம் சர்வீஸுக்கு நேரம் கேட்டால் மூன்று வாரம் கழித்து வா என்பார்கள். காரை ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்வார்கள். பிள்ளை மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுமா? மென்னோ என்றால் நான் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே என் ரசீதுகளை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

கைக்காசு போட்டு இன்ஜின் மாற்ற என்னிடம் வழியில்லை. மறுத்தது மறுத்ததுதான் என்றால் வீட்டுப் பிரசவங்களை விட்டுவிட்டு, நகரத்து ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை கேட்டுப் போக வேண்டியதுதான், இந்த ஐம்பத்து மூன்று வயதில். விப்கேக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மூத்த இரண்டும் அந்த வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் என் கையில் பிறந்தவை. மூன்றாவதற்கும் நான்தான் வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பஸ் பிடித்து, இறங்கி நடந்து, நேராக மென்னோவின் பட்டறைக்குப் போனேன். அவன் என் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கெட்டிலைப் போட்டான். கற்கண்டு போட்டு, டீ ஊற்றி, க்ரீமை ஓரமாக விட்டு என் முன்னால் வைத்தான். நான் முதல் கப்பைக் குடித்துவிட்டு, இனி வேண்டாம் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கப்புக்குள் போட்டேன். மூன்று கப் முடியாமல் கரண்டியைப் போடுவது எங்கள் ஊரில் கதவை அறைந்து சாத்துவதற்குச் சமம். மென்னோ கரண்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்ன ஆயில் ஊத்தினே?" என்று கேட்டேன்.

"சரியான ஆயில்."

"எது சரியான ஆயில்?"

"எது ஊத்தணுமோ அது."

கப்பைத் தள்ளி வைத்தேன். "இங்க பாரு மென்னோ. ஒரு பிள்ளை பொறந்தா நான் எவ்வளவு எழுதறேன் தெரியுமா? வலி எப்ப வந்துச்சு, துடிப்பு எவ்வளவு, எந்த மருந்து, எந்த நேரம், எல்லாம் எழுதறேன். அங்க போய் 'பிள்ளை, தாய், எப்போதும் போல'ன்னு எழுதி வெச்சேன்னா என்னைப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. உனக்கு ஒரு நம்பர் எழுத கை வலிக்குதா?"

அவன் காது சிவந்துவிட்டது. மேஜை இழுப்பறையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தான். இப்போதே எல்லாவற்றையும் புதிதாக எழுதித் தருகிறேன், பழைய தேதியைப் போட்டு, ஆயில் பெயர், நம்பர் எல்லாவற்றோடும் என்றான்.

"அது பொய் ரசீது" என்றேன்.

"ஊத்தினது நிஜம்."

"ஊத்தினது நிஜம், காகிதம் பொய். அந்த ஆள் ஏற்கெனவே பழைய ரசீதைக் கையில வாங்கிப் பார்த்துட்டான். ரெண்டாவது ரசீதோட போய் நின்னா நான் திருடி, நீ கூட்டுக் களவாணி."

மென்னோ புத்தகத்தை மூடினான். அப்படியானால் நாளைக்கு நீ என்னோடு வந்து, என்ன ஊற்றினாய் என்பதை அந்த ஆள் முகத்துக்கு நேராகச் சொல் என்றேன். அவனுக்கு அது துளிகூடப் பிடிக்கவில்லை. அந்த ஷோரூமைப் பற்றி மதுக்கடையில் அவன் பேசாத பேச்சில்லை. கொள்ளைக்காரர்கள், கண்ணாடி மாளிகைத் திருடர்கள், ஒரு ஸ்க்ரூவைத் திருகுவதற்கு ஒன்பது பேர் கையெழுத்துப் போடுகிறவர்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவனிடம் காரைக் கொண்டுவருகிறார்கள்.

"அங்க முன்வாசல் வழியா நான் போனதே இல்ல" என்றான்.

போகாதவன் நாளைக்குப் போவான் என்றேன். வேறு வழியில்லாமல் சரி என்று முனகினான். நான் வீட்டுக்குப் போவதற்குத் தன் பழைய வேனின் சாவியையும் கொடுத்தான். பட்டறைப் பெயர் பெரிதாக எழுதிய, ஹீட்டர் வேலை செய்யாத வேன். கார் சரியாகும்வரை நீயே வைத்துக்கொள் என்றான். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. அன்றைக்கு யாருக்கும் நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் காலை அந்த வேனைக் கொண்டுபோய் ஷோரூம் வாசலில், பளபளக்கும் புதுக் கார்களுக்கு நடுவில், வேண்டுமென்றே நிறுத்தினேன். மென்னோ கண்ணாடிக் கதவுக்கு வெளியே காலணியை அவ்வளவு நேரம் துடைத்தான். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என் பின்னால் ஒளிந்த மாதிரி நின்றான். பக்கத்து மேஜையில் வயதான ஒரு பண்ணைக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் விற்பனைக்காரன் விரித்து வைத்த, புதுக் காருக்கான ஒப்பந்தக் காகிதம் இருந்தது. பண்ணைக்காரர் கையில் பேனா இருந்தது.

ப்ராண்டிஸ் மென்னோவுக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையைப் பிறகு கால்சட்டையில் துடைத்ததை நான் பார்த்தேன். மென்னோவும் பார்த்தான். என்ன ஆயில் என்று ப்ராண்டிஸ் கேட்டார். மென்னோ கம்பெனி சொன்ன ஆயிலின் நம்பரைத் தடுமாறாமல் சொன்னான்.

"இன்னைக்கு யார் வேணாலும் அந்த நம்பரைச் சொல்லலாம்" என்றார் ப்ராண்டிஸ். "இன்டர்நெட்லயே இருக்கு. நீங்க ஊத்தினதுக்கு ஆதாரம் எங்க? வெளிப் பட்டறைகள்ல பீப்பாயில வர்ற மலிவு ஆயிலை எல்லா வண்டிக்கும் ஊத்தறது எங்களுக்குத் தெரியாதா?"

மென்னோ பதிலுக்குப் பதில் கொடுப்பான் என்று பார்த்தேன். ஊரில் அவ்வளவு வாய் பேசுகிறவன், தொப்பியை விரலால் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். ஏதாவது சொல்லேன்டா என்று அவனை இடித்தேன். அவன் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தான். சரி, இவனும் என்னைக் கைவிட்டான், அந்த ஆள் சொல்வது நிஜமாகவே இருக்குமோ என்று எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் ஷோரூமின் கோடியிலிருந்த உதிரிபாக கவுன்ட்டரின் பின்கதவு திறந்தது. அந்த கவுன்ட்டருக்கு இரண்டு பக்கம். முன்பக்கம் எங்களைப் பார்த்தபடி இருக்கும், பின்பக்கம் சாமான் இறக்கும் முற்றத்தைப் பார்த்தபடி. ஐல்ட் என்கிற ஆள் அங்கே இருபது வருடமாக நிற்கிறான். அட்டைப்பெட்டிகளோடு உள்ளே வந்தவன் மென்னோவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலரச் சிரித்தான்.

"மொயின் மென்னோ. என்ன இன்னைக்கு ராஜா மாதிரி முன்வாசல் வழியா? எப்போதும் போலவா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டிகளை இறக்கி வைத்தான், அலமாரிக்குப் போனான், ஐந்து லிட்டர் ஆயில் கேன் ஒன்றையும் ஃபில்டர் ஒன்றையும் எடுத்துவந்து கவுன்ட்டர்மேல் டொக்கென்று வைத்தான். கேனில் கம்பெனி முத்திரை இருந்தது. மென்னோ சற்று முன் சொன்ன நம்பரும் இருந்தது.

நான் கவுன்ட்டர் பக்கம் போனேன். இவன் இதை யாருடைய காருக்காக வாங்குகிறான் என்று ஐல்டைக் கேட்டேன்.

"உன் காருக்குத்தான் தால்கே" என்றான் ஐல்ட், இதில் என்ன கேள்வி என்பதுபோல. "இந்த ஃபில்டர் உங்க ஊர்ல வேற எந்த வண்டிக்கும் சேராது. சேசிஸ் நம்பரைப் போட்டாத்தான் எங்க மெஷின் பொருளையே காட்டும்."

அவன் தன் திரையை என் பக்கம் திருப்பினான். ப்ராண்டிஸின் திரையில் காலியாகக் கிடந்த ஆறு வருடமும் இங்கே வரிவரியாக இருந்தது. என் காரின் சேசிஸ் நம்பர், ஆயில், ஃபில்டர், தேதி. ஒவ்வொரு தேதியும் என் ஃபைலிலிருந்த ரசீதுக்கு முந்தைய நாள். ஒரே கட்டடம். ஒரே கம்பெனி. இருபது அடி தூரத்தில் இருக்கிற இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒன்றையொன்று தெரியாது. அதற்காக என்னைப் பொய்க்காரி என்றார்கள்.

நான் மென்னோவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் பீட்ரூட் ஆகியிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொள்ளைக்காரர்கள் என்று ஊரெல்லாம் திட்டிவிட்டு, அதே கொள்ளைக்காரர்களிடம் பின்வாசல் வழியாக வந்து ஆயில் வாங்கியிருக்கிறான். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு என் தொழிலையே அடகு வைக்கப் பார்த்தான்.

"ஏன்டா நேத்தே சொல்லல?"

"என்ன ஆயில்னு கேட்டே. எங்க வாங்கினேன்னு கேக்கலயே" என்றான் தொப்பியைப் பார்த்துக்கொண்டு.

அவனைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று ப்ராண்டிஸ் பக்கம் திரும்பினேன். இனியாவது மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். இது ஆயில் வாங்கியதற்கு ஆதாரம்தான், அதை அந்த இன்ஜினில் ஊற்றியதற்கு ஆதாரம் ஆகாது என்றார்.

"ஊத்தாம?" என்றேன். என் குரல் அந்தக் கண்ணாடிக் கூடம் முழுக்கக் கேட்டது. "ஆறு வருஷமா வாங்கிட்டுப் போய் என்ன பண்ணினான்? டீயில கலந்து குடிச்சானா? உங்க ஆயிலை, உங்க கையாலயே வித்து, காசை எண்ணி வாங்கி வெச்சுட்டு, மலிவு ஆயில் ஊத்தினான்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்களே. இப்ப உங்க ஆயில் சரியில்லைங்கறீங்களா, உங்க செயின் சரியில்லைங்கறீங்களா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க, நான் கேட்டுட்டுப் போறேன்."

பக்கத்து மேஜையில் டக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பண்ணைக்காரர் பேனாவைக் காகிதத்தின்மேல் கிடத்திவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். "ஆமா, எதுன்னு சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கறேன்" என்றார் நிதானமாக. அவர் மனைவி காகிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

ப்ராண்டிஸ் அந்தப் பேனாவைப் பார்த்தார். விற்பனைக்காரன் ப்ராண்டிஸைப் பார்த்தான். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஐல்டின் திரையிலிருந்த வரிகளை அச்சடித்தார்கள், என் ரசீதுகளோடு சேர்த்துப் பின் போட்டார்கள், ஒரு முத்திரையும் விழுந்தது. இப்போது பார்க்கும்போது விஷயம் தெளிவாக இருப்பதாகவும், வாரண்டியில் இன்ஜின் மாற்றித் தருவதில் தடை இருக்காது என்றும் ப்ராண்டிஸ் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார். அவர் நியாயத்துக்கு இறங்கிவந்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பேனா படுத்தது, அதற்குத்தான் இறங்கினார். அந்தத் தம்பதி அன்றைக்கு வராமல் இருந்திருந்தால், என் கையில் எல்லா ஆதாரமும் இருந்தும் நான் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

இன்ஜின் வருவதற்குள் விப்கேக்கு வலி வந்துவிட்டது. மென்னோவின் வேனில், இரண்டு ஸ்வெட்டரும் கையுறையும் போட்டுக்கொண்டு, நடுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பெண் குழந்தை, நல்ல எடை. வேன் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து விப்கேயின் புருஷன், பிரசவத்துக்கு மெக்கானிக்கையா கூப்பிட்டாள் என்று பயந்துபோனானாம்.

மென்னோவோடு கொஞ்ச நாள் நான் பேசவில்லை. பிறகு எவ்வளவு நாளைக்குப் பேசாமல் இருப்பது? புது இன்ஜினுக்கு முதல் ஆயில் மாற்ற அவனிடமே போனேன். மூன்று கப் டீயும் குடித்தேன். ரசீதை நீட்டினான். ஆயிலின் பெயர், தர நம்பர், எத்தனை லிட்டர், ஃபில்டர் நம்பர், கிலோமீட்டர், எங்கே வாங்கியது என்பதுவரை கொட்டைக் கொட்டை எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். மாமியார் வீட்டில் பாத்திரம் தேய்க்கச் சொன்ன மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன், அவன் எதிரிலேயே. செல்போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஷோரூமிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இளம் குரல், நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள். வாடிக்கையாளர் திருப்தி பற்றி ஒரே ஒரு கேள்வி, ஒரு நிமிடம்தான் ஆகும் என்றாள். கேள் என்றேன்.

"எங்க சர்வீஸ் உங்களுக்கு எப்படி இருந்துச்சு மேடம்?"

"எப்போதும் போல" என்றேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. அப்படி ஒரு பதில் தன் பட்டியலில் இல்லை என்றாள் தயங்கித் தயங்கி. மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்றுதான் இருக்கிறதாம். எப்போதும் போல என்றால் எது போல என்று எடுத்துக்கொள்வது என்று கேட்டாள்.

"ப்ராண்டிஸைக் கேளும்மா" என்றேன். "அவருக்குத் தெரியும்."